அணைத்து வைத்த கணக்கு

பொழியூர்
12 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா அகஸ்டினாவுக்கு,

ஜினு எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூவரும் ஆண்டவர் அருளால் சுகம். உன் சுகத்துக்காக அம்மா தினமும் ஒரு செபமாலை கூடுதலாகச் சொல்கிறாள். வடக்கே குந்தியில் குளிர் தொடங்கிவிட்டதா? உங்கள் கன்னியர் மடத்து நவதுறவகத்தில் போன் இல்லாததால் நானும் கடிதம் எழுதப் படிக்கிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே.

ஒரு அனுமதி கேட்க எழுதுகிறேன். அப்பா வாங்கிய பழைய பெட்ரோல் இஞ்சின் உனக்குத் தெரியும். 9.9 குதிரைத்திறன். வலையும் இரண்டு ஆளும் ஏறினால் வள்ளம் அலையைத் தாண்டுவதற்குள் அதற்கு மூச்சு வாங்குகிறது. யோசுவா மாமாவின் வள்ளம் பெரிய இஞ்சினோடு முன்னால் போய்விடுகிறது. அந்தச் சின்ன இஞ்சினில் ஒரு ப்ளோவரை மாட்டி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளினால் கூடுதல் பெட்ரோல் எரியும், கூடுதல் சக்தி கிடைக்கும். சூப்பர்சார்ஜிங். இதையே என் கடைசி வருட புராஜெக்டாக எடுக்க நினைக்கிறேன். வெட்டி ஒட்டுவதற்கு முன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க உன் எம்.டெக். சிமுலேஷன் மாடல் வேண்டும்.

உன் பழைய லேப்டாப் திறக்கவில்லை. அப்பா அதைத் துவர்த்துத் துண்டில் பொதிந்து பாறசாலைக்குப் பஸ்ஸில் கொண்டுபோய்ச் சரியாக்கி வந்தார். "அவ பாடுபட்டது வெறுதே கிடக்கப்பிடாது. நீ எடுத்துச் செய்யி மக்கா" என்றார். எல்லாக் கோப்புகளும் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளட்டுமா?

உன் கடிதம் வந்தால் நான்தான் வீட்டில் சத்தமாக வாசிக்கிறேன். நிறைய எழுது.

உன் தங்கை,
ஜினு


குந்தி
3 நவம்பர் 2024

அன்புத் தங்கை ஜினுவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நான் சுகம். இங்கே விடியும்போது புல்லெல்லாம் பனி. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாதத்தின் முதல் ஞாயிறு மட்டுமே வீட்டுக்கு எழுதலாம் என்பதால் பதில் தாமதம். எழுதியதை எங்கள் பொறுப்பாளர் சிஸ்டர் ராஜபாய் வாசித்த பிறகே அனுப்புவார்கள். அவர் மார்த்தாண்டத்துக்காரர், நம் பேச்சு முழுக்கப் புரியும்.

மாடலைத் தாராளமாக எடுத்துக்கொள். எனக்கு இனி அது எதற்கு? இஞ்சின் ஒவ்வொரு டிகிரி சுழலும்போதும் சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு சூடு என்று அது கணக்கிடும். குழாய் நீளம், வால்வு திறக்கும் நேரம் எல்லாவற்றையும் உன் இஞ்சினில் அளந்து கொடுக்க வேண்டும். பதினொரு மாதம் அதோடு இருந்தேன். கோப்புகளின் பெயர்களை மட்டும் மாற்றாதே.

அப்பா அதைத் தூக்கிக்கொண்டு பாறசாலைக்குப் போனாரா? பஸ்ஸிலா? ஆறு வருடம் நான் படித்தபோது என் காலேஜ் எந்தப் பக்கம் என்றுகூட அவர் கேட்டதில்லை. நல்லது. சந்தோஷம்.

எல்லாருக்கும் என் செபம்.

அகஸ்டினா


பொழியூர்
20 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

சுகமா? நாங்கள் சுகம். அம்மாவின் முழங்காலுக்கு பனச்சமூட்டு வைத்தியரின் எண்ணெய் கேட்கிறது என்கிறாள்.

முதலில் ஒரு மன்னிப்பு. கோப்புப் பெயர்களை மாற்ற வேண்டியதாகிவிட்டது. உன் மாடலில் ஒரு சிலிண்டர், நம் இஞ்சினில் இரண்டு. எல்லாம் குழம்பியது.

நான் கூப்பிட்டேன் என்று சனிக்கிழமை அப்பா இஞ்சினைத் தோளில் சுமந்து லேபுக்கே வந்துவிட்டார். நாள் முழுக்க நின்றார். நான் வால்வை அளக்கும்போது டார்ச் பிடித்தார். "இதுக்க உள்ள இம்புட்டு கணக்கு உண்டா? நான் இத வெறும் சத்தமுண்ணு நெனச்சேன்" என்றார். காண்டீனில் எனக்குப் பழம்பொரி வாங்கித் தந்து, கூடப் படிக்கிற எல்லாரிடமும் "என் மகளாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ப்ளோவர் இல்லாமல் இஞ்சினை ஓட்டி அளந்த சக்தியும் மாடல் சொன்ன சக்தியும் நூற்றுக்கு மூன்று வித்தியாசத்துக்குள் வந்துவிட்டது! உன் ஆய்வேட்டைப் படித்த அஸ்வந்த் சார் தோளைத் தட்டினார். "உன் சேச்சி ஓட்டியது கற்பனை இஞ்சின். நீ ஓட்டுவது நிஜ இஞ்சின்" என்றார்.

உனக்கும் இது சந்தோஷமாக இருக்கும் என்று தெரியும்.

ஜினு


குந்தி
5 ஜனவரி 2025

அன்புத் தங்கை ஜினுவுக்கு,

புத்தாண்டு ஆசீர். நான் சுகம். டிசம்பரில் எழுத முடியவில்லை. மாட்டுத் தொழுவ வேலை எனக்கு வந்தது. இங்கே ஏழு பசுக்கள். எனக்கு முன் இருந்தவளிடம் அதிகம் கறந்தன, என்னிடம் கறப்பதில்லை.

அஸ்வந்த் சார் சொன்னது சரிதான். கற்பனை இஞ்சினுக்குப் பெட்ரோல் வேண்டாம். அதை யாரும் தோளில் சுமக்கவும் வேண்டாம்.

மூன்று சதவீதம் நல்ல பொருத்தம். எனக்கு ஏழு வந்தது.

அப்பாவைக் குளிர் காற்றில் அலைய விடாதே.

அகஸ்டினா

பி.கு: 'தோளில் சுமக்கவும் வேண்டாம்' என்ற வரிக்குக் கீழே உள்ள பென்சில் கோடு சிஸ்டர் ராஜபாய் போட்டது. ஏன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.


பொழியூர்
8 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் சுருக்கமாக இருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அப்பாவும் "அவளுக்கு என்னவோ உண்டு" என்கிறார். இங்கே எல்லாரும் சுகம்.

பழைய கார் உதிரிக் கடையில் சின்ன ப்ளோவர் ஒன்று கிடைத்தது. இஞ்சினின் சுழற்சியிலிருந்தே பெல்ட் போட்டு ஓட்டப் போகிறோம். மாடலில் அதைச் சேர்த்து நாற்பது விதமாக ஓட்டிப் பார்த்தேன். காற்றழுத்தம் 1.4 பார் வந்தால் 9.9 குதிரைத்திறன் 13.6 ஆகிறது. அப்பா அந்த எண்ணைக் கரியால் வள்ளத்தின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம். இவ்வளவு அழுத்தினால் பெட்ரோல் தானாகவே வெடித்து பிஸ்டனை அடிக்கும், நாக்கிங் வரும் என்றுதான் நாங்கள் படித்திருக்கிறோம். உன் மாடலோ நாக்கிங் எங்கேயும் பூஜ்யம் என்று காட்டுகிறது. இவ்வளவு நல்ல செய்தியை நம்பலாமா? அதில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா? "மாடல் பண்ணினவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு" என்று சாரும் சொன்னார். மாட்டுவதற்கு முன் உன் பதிலுக்குக் காத்திருப்பேன்.

ஜினு


குந்தி
2 மார்ச் 2025

அன்புத் தங்கை ஜினுவுக்கு,

நான் சுகம். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அப்பாவிடம் சொல்.

வரைபடம் பூஜ்யம் என்று காட்டினால் பூஜ்யம்தான். நன்றாக அளந்திருக்கிறாய். உனக்காகச் செபிக்கிறேன்.

புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. ஈஸ்டர் வரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை. மணி அடிக்கிறது, போகிறேன்.

அகஸ்டினா


பொழியூர்
30 மார்ச் 2025

அக்கா,

தவக்காலத்தில் இது உன் கைக்கு வருமா என்று தெரியாது. நானும் அம்மாவும் சுகம். அப்பா நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிருக்கு ஒன்றுமில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

லேபில் வேகப் பிடியைப் பாதி மட்டும் திருகி இருபது நிமிடம் ஓட்டினோம். நன்றாக ஓடியது. கடலில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக நின்றார். கரையை ஒட்டிக் கால் மணி நேரம், பாதிக்கு மேல் திருகக் கூடாது என்று சொல்லி ஒப்புக்கொண்டேன். 22ஆம் தேதி காலை. நான் கரையில் கடிகாரத்தோடு நின்றேன். முதலில் அழகாகப் போனார். பிறகு சத்தம் மாறியது, தகர டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல. நான் கையை வீசினேன், அவர் பார்க்கவில்லை. புகை வந்தது. நின்றுவிட்டது. அலை உடைகிற இடம். வள்ளம் குறுக்கே திரும்பியது, அடுத்த அலை அதைக் கவிழ்த்துவிட்டது.

யோசுவா மாமாதான் குதித்து இழுத்து வந்தார். வலது தோள்பட்டை எலும்பும் மேல்கையும் முறிந்துவிட்டன. கம்பி வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் வலை இழுக்கக் கூடாதாம். கை பழையபடி உயருமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

இஞ்சினைப் பிரித்தேன். மேல் பிஸ்டனில் சுண்டுவிரல் நுழைகிற அளவு ஓட்டை. உன் மாடலைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். அது இன்னும் பூஜ்யம் என்றே காட்டுகிறது. அப்படியானால் நான் அளந்ததில்தான் எங்கேயோ பிழை. புராஜெக்டிலிருந்து விலகுகிறேன் என்று சாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த வேலைக்கு என் கை ஆகாது.

உன் பதினொரு மாதத்தையும் நான் கெடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள் அக்கா.

ஜினு


குந்தி
10 ஏப்ரல் 2025

ஜினு,

உன் கடிதம் நேற்று வந்தது. தவக்காலம் என்றாலும் எழுத அனுமதி வாங்கியிருக்கிறேன். அப்பாவின் கை எப்படி இருக்கிறது, காய்ச்சல் உண்டா என்று கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்று இதை வாசித்துவிட்டு முடிவு செய்.

நீ அளந்ததில் பிழை இல்லை.

மாடலில் நாக்கிங்கைக் கணக்கிடும் பகுதியை நான் அணைத்து வைத்திருந்தேன். அதைப் போட்டால் ஒரு ஓட்டத்துக்கு நாலு மணி நேரம் ஆகும். அணைத்தால் பத்து நிமிடம். அணைத்திருந்தால் அது எப்போதும் பூஜ்யம்தான் காட்டும். என் ஆய்வில் அழுத்தம் குறைவு என்பதால் அது பெரிய குற்றமாகப் படவில்லை. 1.4 பாரில் பிஸ்டன் தாங்காது என்று உன் பிப்ரவரிக் கடிதத்தை வாசித்தபோதே தெரிந்தது. நீ நேராகவே கேட்டிருந்தாய்.

பதிலை எழுதத் தொடங்கினேன். 'விட்டுப்போனது ஒன்று உண்டு' என்று எழுதினேன். அப்போது அப்பா கரியால் எழுதி வைத்த எண் நினைவுக்கு வந்தது. அந்தத் தாளைக் கிழித்தேன். மணி அடிக்கிறது என்று எழுதினேனே, மணி அடிக்கவில்லை.

அவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்தே எனக்குள் எரியத் தொடங்கிவிட்டது. டார்ச் பிடித்தது, பழம்பொரி வாங்கித் தந்தது, 'என் மகளாக்கும்' என்றது. பீடத்தின் முன் முழந்தாளிட்டிருக்கும்போதும் நான் அந்தக் காண்டீனில்தான் நின்றேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவள் நான் என்று ஊர் சொல்கிறது. விட்டதை நீ எடுத்ததும்தான் நான் எதையும் விடவில்லை என்று தெரிந்தது.

நீ தோற்க வேண்டும் என்று நினைக்கவில்லை. லேபில் சின்னதாக ஏதாவது உடையட்டும், நீ திரும்பி என்னிடம் வரட்டும், நான் சரிசெய்து தருகிறேன் என்று நினைத்தேன். அப்பா அதைக் கடலில் இறக்குவார் என்று யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருந்ததும் என் வசதிக்குத்தான்.

சாரிடம் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கு. பிழை உன்னுடையது அல்ல.

சிஸ்டர் ராஜபாய் இதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அனுப்பாண்டாம்ணு நான் சொல்லமாட்டேன் மக்கா. ஆனா இத நான் ஒட்டித் தரமாட்டேன், நீயே ஒட்டு" என்றார். ஒட்டுகிறேன்.

அகஸ்டினா


பொழியூர்
18 மே 2025

அக்காவுக்கு,

அம்மாவுக்குச் சுகமில்லை, ஆனால் படுக்கவில்லை. அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். கை நெஞ்சு உயரம் வரை வருகிறது. காய்ச்சல் இல்லை.

உன் கடிதம் ஈஸ்டர் மறுநாள் வந்தது. வழக்கம்போலச் சத்தமாக வாசிக்கத் தொடங்கிவிட்டேன். 'அணைத்து வைத்திருந்தேன்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

"என்ன, எழுத்து தெரியலியா?" என்று அப்பா கேட்டார்.

"தெரியுது."

"அப்பம் வாசி."

வாசித்தேன். கிழித்த தாள் வரை, காண்டீன் வரை, முழுவதும். அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். அப்பா வாசலில் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நாலு நாள் அப்படித்தான் இருந்தார். ஐந்தாம் நாள் கஞ்சி குடிக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"யோசுவாக்க வள்ளம் என்னைக் கடந்து போச்சு. எனக்குப் பொறுக்கல்ல. பாதிக்கு மேல திருகாதேண்ணு நீ சொன்னது காதுல உண்டு. நான் முழுசும் திருகினேன். அவன் என்னத் தூக்கி வரும்பளும் எனக்கு அந்தக் கடுப்புதான் இருந்தது."

அதனால் உன் பங்கு குறைந்துவிட்டது என்று நினைக்காதே. அவர் திருகினார். ஆனால் கேட்டவள் நான், தெரிந்தவள் நீ.

இதுவரை ஐந்து பதில் எழுதிக் கிழித்தேன். அதனால்தான் ஒரு மாதம். மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. எனக்கே தெரியாது. சாரிடமிருந்து தாளைத் திரும்ப வாங்கிவிட்டேன். அந்தப் பகுதியை எப்படித் திறப்பது என்று எழுது. அது போதும்.

ஜினு


குந்தி
1 ஜூன் 2025

ஜினுவுக்கு,

நான் சுகம். அப்பாவின் கை நெஞ்சு வரை வருகிறது என்ற வரியைப் பலமுறை வாசித்தேன்.

நீ கேட்டது தனியே ஐந்து பக்கங்களில் இருக்கிறது. இங்கே கம்ப்யூட்டர் இல்லாததால் பென்சிலால் போட்ட கணக்கு. நீ மாடலில் சரிபார்க்க வேண்டும். சாரம் இதுதான்: சிலிண்டர் மூடியின் கீழே தடிப்பான கேஸ்கெட் வைத்து உள் இறுக்கத்தைக் குறை. தீப்பொறி விழுவதை ஆறு டிகிரி தள்ளிப்போடு. ப்ளோவரின் சக்கரத்தைப் பெரிதாக்கி 1.2 பாருக்கு மேல் போகவிடாதே. ப்ளோவரிலிருந்து வரும் சூடான காற்றை, கடல்நீர் ஓடும் குழாய்மேல் விட்டுக் குளிரவை. 13.6 கிடைக்காது. பதினொன்றரை கிடைக்கலாம்.

ஆகஸ்டில் எனக்குத் துறவறத்தின் முதல் வார்த்தைப்பாடு கொடுக்க இருந்தார்கள். ஒரு வருடம் தள்ளிவைக்கும்படி நானே கேட்டுக்கொண்டேன். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

அகஸ்டினா


பொழியூர்
20 ஜூலை 2025

அக்காவுக்கு,

இங்கே நல்ல மழை. அம்மா சுகம். வார்த்தைப்பாடு தள்ளிப்போனதற்கு இரண்டு நாள் அழுதாள், இப்போது சரி. அப்பா வலது கையால் சீப்பு பிடிக்கிறார்.

நாக்கிங் பகுதியைத் திறந்ததும் பழைய கணக்கு முழுக்கச் சிவப்பாக வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு உன் ஐந்து பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டேன். இரண்டு இடத்தில் உன் பென்சில் தப்பு, திருத்தினேன். புது பிஸ்டனோடு பெஞ்சில் இருபது மணி நேரம் ஓட்டியாகிவிட்டது. 11.7 குதிரைத்திறன். பிரித்துப் பார்த்தேன், பிஸ்டன் சுத்தம். கோயம்புத்தூரில் மாணவர் கருத்தரங்கில் வாசித்தேன், இரண்டாம் பரிசு.

கட்டுரையில் முதலில் உன் பெயரையும் போட்டிருந்தேன். அனுப்பும் முன் எடுத்துவிட்டேன். மாடல் சேச்சியுடையது என்று உள்ளே ஒரு வரி மட்டும் இருக்கிறது. பெயரை எடுத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து எல்லாரும் என்னை 'அகஸ்டினாக்க தங்கச்சி' என்றுதான் கூப்பிட்டார்கள். மேடையில் ஒரு தடவையாவது ஜினு என்று மட்டும் கூப்பிட்டார்கள்.

நீ படிக்கும்போது ஏன் ஒரு நாளும் காலேஜுக்குப் போகவில்லை என்று அப்பாவிடம் கேட்டேன். "அவ விளிக்கல்ல. நீ விளிச்சே, வந்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுது. பொறவு, கை நேரேயானா நான் அங்க வாறேன்ணும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

மழை விட்டதும் கடலில் இறக்கப் பார்க்கிறோம்.

ஜினு


குந்தி
3 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை ஜினுவுக்கு,

நான் சுகம். பசுக்கள் இப்போது என்னிடமும் கறக்கின்றன. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் வணக்கம். அப்பா வருவதாக இருந்தால் குளிருக்கு முன் வரச் சொல். நான் விளிக்கிறேன் என்று சொல்.

என் பெயரை எடுத்துவிட்டாய் என்று வாசித்ததும் வயிறு எரிந்தது. இரண்டாம் பரிசுதான், முதல் பரிசு இல்லை என்று ஒரு நிமிடம் மனம் குளிர்ந்தது. என் கணக்கில் இரண்டு தப்பு என்றாயே, அவை தப்பே அல்ல என்று நிரூபிக்க ஒரு மணி நேரம் பென்சிலோடு உட்கார்ந்தேன். தப்புதான். சிஸ்டர் ராஜபாய் வாசிப்பார் என்று தெரிந்தே எல்லாவற்றையும் எழுதுகிறேன். இது என்னைவிட்டுப் போய்விடும் என்று நினைத்திருந்தேன், போகவில்லை. ஆகையால் எரிகிறபோதே எழுதிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

இப்போது கவனமாகக் கேள். இருபது மணி நேரம் போதாது, அறுபது ஓட்டு. பெஞ்சில் நல்ல தண்ணீர் விட்டிருப்பாய். கடல்நீர்க் குழாயில் உப்பு படியும், படிந்தால் காற்று குளிராது, காற்று குளிராவிட்டால் மறுபடியும் நாக்கிங்தான். மாதம் ஒருமுறை குழாயைக் கழற்றிக் கழுவு. கரைக்குத் திரும்பியதும் பெல்ட்டைத் துணியால் துடை. அந்தச் சரளைக்கல் சத்தம் எள்ளளவு கேட்டாலும் நிறுத்திவிட வேண்டும், அலை உடைகிற இடமானாலும் துடுப்பு கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. வேகப் பிடி முக்கால்வாசிக்கு மேல் திரும்பாதபடி ஒரு ஆணியை வைத்துப் பற்றவைத்துவிடு. கை சரியானதும் அவர்தான் ஏறுவார், எதிரே யோசுவா மாமா வருவார், சொல்லெல்லாம் அந்த நேரத்தில் நிற்காது. அப்பா கேட்டால், அக்கா சொல்லித்தான் வைத்தேன் என்று சொல். கோபம் என்மேல் வரட்டும்.

அகஸ்டினா